ஆறியும் இறங்காத டிகிரி

தையல்காரருக்குக் கண் போன மறுநாள் காலையிலிருந்து, அவருடைய தங்கையைக் கட்டிய பிளம்பரின் வீட்டில் தண்ணீர் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. குழாயில் வந்தது, குடத்தில் கிடந்தது, கைக்குழந்தைக்குக் காய்ச்சிய பால் எல்லாமே நாற்பத்தெட்டு டிகிரிச் சாராயமாகிவிட்டன. முதலில் குழாயைத்தான் சந்தேகப்பட்டார்கள். பிளம்பர் வீட்டுக் குழாய் கெட்டுக் கிடப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

பிளம்பர் ஞாயிறுதோறும் சமையலறையில் செப்புக்குழாய் பூட்டி வீட்டளவுக்குச் சாராயம் காய்ச்சுவார். தான் ஒரு சொட்டும் தொடமாட்டார். அளப்பதில்தான் அவருக்குப் போதை. உயரமான கண்ணாடிக் குடுவையில் சரக்கை ஊற்றி, கோடு போட்ட மிதவையை இறக்கி, அது நிற்கும் எண்ணைச் சுவரில் கரியால் எழுதுவார். ஆறும்வரை பொறுக்கமாட்டார். சூட்டில் மிதவை கூடுதலாகவே காட்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள்.

ஒரு ஞாயிறு காலை அவர் சுவரில் எழுதியது நாற்பத்தெட்டு. மத்தியானம் சாப்பிட வந்த தையல்காரர் விளையாட்டாக மிதவையைப் போட்டுப் பார்த்தார். நாற்பத்திரண்டு.

"என்ன மாப்ள, அதுக்குள்ள ஆறு டிகிரி எங்க ஓடிப்போச்சு? தண்ணி கலந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிளம்பர் சிரிக்காமல் உள்ளே போனார். காய்ச்சும்போது முதலில் சொட்டும் கெட்ட வாடைச் சரக்கு விஷம், யாரும் குடிப்பதில்லை. அடுப்புப் பற்றவைக்க அதை ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பாட்டிலைக் குடுவையில் கவிழ்த்தார். மிதவை நாற்பத்தெட்டில் நின்றது. "இப்பப் பாருங்க மச்சான்" என்று டம்ளரை நீட்டினார். மறுநாள் காலையில் தையல்காரருக்கு ஊசிக் காது தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் ஊசியே தெரியவில்லை.

அந்தக் கூரைக்குக் கீழே தாய்ப்பாலும் தப்பவில்லை. பெண்டாட்டி அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றாள். "அவன் செஞ்சதுக்குக் குழந்தை என்ன பண்ணும்? உள்ள வா" என்றார் தையல்காரர். அங்கே பால் பாலாக இருந்தது. தையல் மெஷினை அவள் மிதிக்கத் தொடங்கினாள், திரும்பிப் போகவில்லை.

பிளம்பர் செப்புக்குழாயைக் கழற்றி எறிந்தார். பலனில்லை. தாகமெடுத்தபோதெல்லாம் மச்சான் வீட்டு வாசலுக்கு டம்ளரோடு வந்து நின்றார். தையல்காரர் விளிம்பை விரலால் தடவி ஊற்றுவார். பாதி கையில் வழியும். பிளம்பர் அங்கேயே நின்று குடிப்பார். தன் வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுபோனால் அதுவும் சாராயம்தான். பதினோரு வருஷம் தண்ணீர் கிடைத்தது. 'மாப்ள' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவர் ஏங்கினார், பாவி மனுஷன். அதைச் சொல்லாமலேயே தையல்காரர் செத்துப்போனார்.

மூன்று நாள் பிளம்பர் வெளியே வரவில்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் தேடிப் போனபோது, அவர் குடுவையைக் கண்ணுக்குக் கீழே பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். குடுவை நிறைந்திருந்தது. மிதவையை இறக்கினாள். நாற்பத்தெட்டு.

"சூடா இருக்குப்பா. ஆறட்டும்."

இருவரும் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். குடுவை சில்லென்று ஆகிவிட்டது. மிதவை காட்டிய எண் ஒரு கோடுகூட இறங்கவில்லை.

"நாளையிலேருந்து நான் ஊத்தறேன், வாசலுக்கு வாங்க" என்றாள். கண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, கழுவ இங்கே தண்ணீர் இல்லாததால் குடுவையை மாமா வீட்டுக்கு எடுத்துப் போனாள்.