ஒரே மெம்பரேனில் இரண்டு பொட்டு

எங்கள் லேபில் எல்லாருக்கும் நான் அக்கா. பேராசிரியர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அவரும் "அக்கா, அந்த ஜெல் என்ன ஆச்சு?" என்றுதான் கேட்பார். நிஜமாகவே அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவன் ஒருத்தன்தான். அவன் என் கூடப்பிறந்த தம்பி, அதே லேபில் ஆராய்ச்சியாளன். நான் டெக்னீஷியன். என்ன செய்வது என்று அவன் யோசிப்பான், நான் செய்து கொடுப்பேன். மூளை தம்பிக்கு, கை அக்காவுக்கு, வாய் மட்டும் ரெண்டு பேருக்கும் சேர்த்து அக்காவுக்கு என்று லேபில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், பொய்யில்லையே.

அப்பா போனபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தேன், அவன் படித்தான். இதைத் தியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அவனுக்கு ஏறியது, அவ்வளவுதான். ஏறி என்ன, பதினொரு வருடமாக வருடத்துக்கு வருடம் நீட்டிக்கிற ஒப்பந்த வேலைதான். இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது ஐந்து மாதம். வேறொரு ஆராய்ச்சி நிலையம் நிரந்தர வேலை தருவதாக எழுதியிருந்தது. இரண்டு நிபந்தனை. நாற்பது வயது ஆவதற்குள் சேர வேண்டும். அவன் எழுதிய கட்டுரையை ஆய்விதழ் அதற்குள் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். இது போனால் அவனுக்கு வேறு வாசல் கிடையாது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

கட்டுரை எதைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். புட்டியில் வளர்க்கிற புற்றுநோய் செல்களுக்கு ஒரு மருந்தைக் கொடுப்போம். செல்லுக்குள் டிஎன்ஏ நூல் மாதிரி நீளமாக இருக்கிறது. அது சுற்றியிருக்கும் கட்டைதான் ஹிஸ்டோன் என்கிற புரதம். அந்தக் கட்டையின் மேல் அங்கங்கே சின்னச் சின்ன ரசாயன ஒட்டுகள் இருக்கும். எங்கள் லேபில் அவற்றுக்குப் பொட்டு என்று பெயர். எந்தப் பொட்டு கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்தால் மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரியும். செல்லை உடைத்து, அமிலத்தில் ஹிஸ்டோனைப் பிரித்து, ஜெல்லில் ஓட்டி, மெம்பரேன் என்கிற, உள்ளங்கை அகலமுள்ள ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றுவேன். அதன்மேல், ஒரு குறிப்பிட்ட பொட்டை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியை ஊற்றுவேன். பிறகு இரண்டாவது ஆன்டிபாடி. அது முதலாவதைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் விடும். கேமரா பெட்டிக்குள் வைத்தால் பொட்டு உள்ள இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். கோடு தடித்தால் பொட்டு அதிகம்.

எங்கள் மருந்து ஒரு பொட்டை ஏற்றும் என்பது ஊரறிந்த விஷயம். அது பழைய பொட்டு. தம்பி கண்டுபிடித்தது புதுப் பொட்டு. மருந்து அதையும் ஏற்றுகிறது, இரண்டும் ஜோடியாகவே ஏறுகின்றன என்பதுதான் அவனுடைய மூன்று வருட உழைப்பு. இரண்டையும் ஒரே மெம்பரேனில் பார்ப்பது பேராசிரியர் வைத்த வழக்கம். முதலில் பழைய பொட்டைப் பார்த்துப் படம் எடுப்போம். பிறகு மெம்பரேனைக் கழுவி அந்த ஆன்டிபாடியைக் கழற்றிவிட்டு, அதே மெம்பரேனில் புதுப் பொட்டுக்கான ஆன்டிபாடியை ஊற்றுவோம். ஒரே மெம்பரேனில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும் என்பார். தப்பில்லை, உலகத்தில் பாதி லேபுகள் செய்வதுதான்.

கட்டுரையைப் படித்துப் பார்த்த ஆய்விதழ்க்காரர்கள் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்கள். புதுப் பொட்டைக் கழுவிய மெம்பரேனில் இல்லாமல், தனியாக ஒரு புது மெம்பரேனில் காட்ட முடியுமா?

"ரெண்டு வார வேலைக்கா," என்று தம்பி சிரித்தான். "உன் கை பட்டா ஒரு வாரம்."

ஒரு வாரம்கூட ஆகவில்லை. புதன்கிழமை மத்தியானம் மெம்பரேனைக் கேமரா பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திரை முன்னால் நின்றேன். ஆறு கோடு விழுந்தது. மருந்து கொடுக்காதது மூன்று, கொடுத்தது மூன்று. ஆறும் ஒரே தடிமன். வெளிறிப்போய், அச்சடித்தாற்போல ஒரே மாதிரி.

அவசரத்தில் ஏதோ சொதப்பிவிட்டேன் என்று என்னையே நாலு திட்டுத் திட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன். அதேதான். புது ஆன்டிபாடி டியூபை உடைத்து மூன்றாவது தடவை ஓட்டினேன். அதேதான். அப்போதுதான் கழுவலின் மேல் சந்தேகம் வந்தது. பழைய பொட்டைப் பார்த்து முடித்த மெம்பரேன் ஒன்று குளிர்பெட்டியில் இருந்தது. அதை வழக்கம்போலக் கழுவினேன். புதுப் பொட்டின் ஆன்டிபாடியை ஊற்றவே இல்லை. வெளிச்சம் விடுகிற இரண்டாவது ஆன்டிபாடியை மட்டும் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். கழுவியது சுத்தமாகக் கழுவியிருந்தால் திரை வெறுமையாக இருக்க வேண்டும்.

வெறுமையாக இல்லை. மருந்து கொடுக்காத மூன்றும் மெலிசு, கொடுத்த மூன்றும் தடி. கட்டுரையில் புதுப் பொட்டு என்று போட்டிருந்த படத்தை அப்படியே எடுத்து ஒட்டியதுபோல இருந்தது. கழுவலுக்குப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த பழைய பொட்டின் ஆன்டிபாடிதான் அது. இரண்டு பொட்டும் ஒரே ஹிஸ்டோனில் இருப்பதால் கோடு விழுகிற இடமும் ஒன்றுதான். ஜோடியாக ஏறாமல் என்ன செய்யும்? ஒன்றையேதானே இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் வேலை நோட்டுகளைப் பின்னோக்கிப் புரட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையில் போய் நின்றது. அதுவரை நான் கழுவிக்கொண்டிருந்த திரவம் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற குழு. அதன் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மூக்குக்காரர். வாரம் தவறாமல் வந்து "அக்கா, எலி கிலி ஏதாவது செத்துக் கிடக்கா?" என்பார். "நீங்க உயிரோடதானே இருக்கீங்க, அப்ப இல்லை," என்று நானும் அனுப்பிவிடுவேன். கடைசியில் மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார். சனியன் தொலையட்டும் என்று நாற்றமில்லாத, சாதுவான வேறொரு திரவத்துக்கு மாறினேன். நாற்றமும் போனது, சண்டையும் போனது.

மாறியபோது ஒரே ஒரு தடவை, இரண்டாவது ஆன்டிபாடியை மட்டும் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. பழைய திரவத்துக்கு அதை ஒரு மாதம் செய்து பார்த்து, எப்போதும் வெறுமையாகவே வந்ததால் விட்டுவிட்டேன். புதுத் திரவத்துக்குச் செய்யவில்லை. அதே வாரம் புதுப் பொட்டின் ஆன்டிபாடியும் வேறு தொகுதி வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் புதுப் பொட்டு எப்போதும் வெளிறின, ஒரே மாதிரிக் கோடாகத்தான் வரும். ஆன்டிபாடி சொத்தை என்று நினைத்திருந்தோம். திடீரென்று ஏறியதும், நல்ல தொகுதி வந்துவிட்டது என்று லேபே கொண்டாடியது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். மூன்று வருடமும் "கழுவியது, சுத்தம்" என்று என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. பக்கத்தின் அடியில், பார்த்தேன் என்பதற்கு அவன் கையெழுத்து. அது லேப் விதி.

அவன் செல் வளர்க்கிற அறையில் இருந்தான். கண்ணாடி மறைப்புக்குள் கையை விட்டுப் புட்டிகளுக்கு உணவுத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தான்.

"முடிச்சுட்டு வா. ஒரு விஷயம்."

"சொல்லுக்கா. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு."

"புதுப் பொட்டு ஏறலடா."

"ஏறலன்னா?"

"மருந்து குடுத்தாலும் அதே கோடு, குடுக்காட்டியும் அதே கோடு. மூணு தடவை ஓட்டிட்டேன். புது டியூபும் பாத்துட்டேன்."

அவன் கை நின்றது. "அப்ப இத்தனை நாளா நாம பாத்தது?"

"பழைய பொட்டு. கழுவினதுல போகவே இல்ல. இப்பதான் சும்மா ரெண்டாவதை மட்டும் ஊத்திப் பாத்தேன். அப்படியே நிக்குது."

இன்னும் நான்கு புட்டி மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் திரவம் மாற்றி, மூடியைத் திருகி, துடைத்து, சூட்டுப்பெட்டியில் அடுக்கினான். எதற்காக வளர்க்கிறோம் என்றே இல்லாமல் போன செல்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன்.

கையுறையைக் கழற்றிவிட்டு, "எப்ப மாத்தின?" என்றான். நோட்டைக் காட்டினேன். என் எழுத்தைப் பார்க்கவில்லை, அடியில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பாத்துட்டுத்தானே போட்டிருக்கேன்."

"நீ எதுலதான் போடல? நான் ஒரு கழுதைன்னு எழுதி வெச்சிருந்தாலும் கீழ போட்டிருப்ப."

லேசாகச் சிரித்தான். எனக்கு அது தாங்கவில்லை. அதன்பிறகு நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. "டேய், கேளு. பழைய மாதிரியே ஒண்ணு ஓட்டித் தரேன். தனி மெம்பரேன்னு எழுதிக்கலாம். யாருக்குத் தெரியும்? ஏழு மாசம்தான். நீ வேலைல சேர்ந்துட்டா அப்புறம் பாத்துக்கலாம்."

"செய்வியா?"

"செய்வேன்."

செய்திருப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் செய்வேன். அவன் நோட்டை மூடி என் கையில் கொடுத்தான். "எனக்கு வராதுக்கா," என்றான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டி மனசைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழியில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிரிண்டரில் ஒரு தாள் கிடந்தது. ஆய்விதழுக்கும், வேலை தருவதாகச் சொன்ன நிலையத்துக்கும் அவன் எழுதிய கடிதத்தின் நகல். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தது. நடுவில் இப்படி இருந்தது: "கழுவும் திரவத்தை மாற்றச் சொன்னது நான். மாற்றிய பிறகு சரிபார்க்க வேண்டாம் என்று முடிவு செய்ததும் நான். இதில் வேறு யாருக்கும் பொறுப்பில்லை." என் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தாளைக் கசக்கிக்கொண்டு பேராசிரியர் அறைக்குள் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை.

"சார், இது பொய். மாத்தினது நான். பாக்காம விட்டது நான். அவன்கிட்ட நான் கேக்கவே இல்ல."

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல. டெக்னீஷியன் பண்ணின தப்புன்னா அவனுக்கு இன்னும் ஒரு வருஷமாவது குடுப்பீங்கல்ல?"

"கேட்டு வாங்கியிருப்பேன்," என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆனா தம்பி நேத்தே வந்து சொல்லிட்டாரு. அக்கா வந்து எல்லாத்தையும் தன் மேல போட்டுக்குவாங்க, சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், நம்பாதீங்கன்னு."

"நோட்டைப் பாருங்க சார். என் கையெழுத்து."

"பாத்தேன். கீழ அவர் கையெழுத்தும் இருக்கு. பொறுப்பு யாரோ அவங்கதானே போடணும்?" என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு உண்மை தெரியும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. "உங்க ஒப்பந்தம் புதுப்பிச்சாச்சு. அடுத்த திட்டத்துக்கு உங்க கை வேணும். போய் வேலையப் பாருங்க."

தம்பியின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. அவன் மேசையைக் காலி செய்ய ஒரு அட்டைப்பெட்டி போதுமாயிருந்தது. நான் தூக்க வந்தேன், வேண்டாம் என்றான். மறுநாளிலிருந்து நான் மட்டும் கிளம்பிப் போனேன். ஹிஸ்டோனைப் பிரித்தேன், ஜெல் ஓட்டினேன். இப்போதெல்லாம் பழைய நாற்றத் திரவத்தில்தான் கழுவுகிறேன், ஒவ்வொரு மெம்பரேனையும் கழுவியபின் சரிபார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் திரை வெறுமையாக வருகிறது. யாருக்கு வேண்டும் அது?

மூன்றாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். எனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வைத்திருந்தான். தான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தியிருந்தான். நாங்கள் எப்போதும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

"எதுக்குடா அவர்கிட்ட என்னை நம்பாதீங்கன்னு சொன்ன?"

"ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"என்னை விட்டுடு. நீ தப்பிச்சிருக்கலாம்ல?"

"ஒரு வருஷம் தப்பிச்சிருப்பேன். அப்புறம்?"

நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தேன். லேபில் எல்லார் வாயையும் அடைக்கிற எனக்கு, அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவ்வளவு நேரம் ஆனது.

"என் மேல கோவமா?"

அவன் எதையும் யோசிக்காமல் பதில் சொல்கிறவன் இல்லை. யோசித்தான்.

"ஆமாக்கா," என்றான். "ரொம்ப."

"போயிடுமா?"

"போயிடும்னு உன்கிட்ட சொல்லணும்னுதான் மூணு நாளா பாக்கறேன். சொல்ல வாய் வரல."