பதினோரு கோடுகள்

ஒன்பது மணிக்கு வருகிறேன் என்ற பியூஸ் பதினொன்றரைக்கு வந்தான். வேறு நாளாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். அன்றைக்குக் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. வாசல்படியில் உட்கார்ந்தபடியே காரைக் கைகாட்டினேன். கார்களுக்கு ஒயர் வேலை பார்க்கிறவன் அவன். சொந்தப் பெயர் அவன் பெண்டாட்டிக்காவது ஞாபகம் இருக்குமா தெரியாது, ஊருக்கே அவன் பியூஸ்தான்.

காரில், டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா கொஞ்சம் எறங்கினா வேலைக்குச் சௌகரியமா இருக்கும்க்கா."

"எறக்கிப் பாரு. முடிஞ்சா எனக்கும் எப்படின்னு சொல்லிக் குடு."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்த்தார். அவன் மறுபக்கக் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டான்.

அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. இரண்டு வருஷமாக ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறார். முதலில் தெரு போனது, அப்புறம் ஆட்கள், அப்புறம் எண்கள். எதைக் கேட்டாலும் பத்துதான். மாத்திரை எத்தனை போட்டீங்க? பத்து. மணி என்னப்பா? பத்து. எனக்கு என்ன வயசு? பத்து. எனக்கு ஐம்பத்திநாலு. பத்தாகவே இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

காலையும் சாயங்காலமும் நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து அவரைப் பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் நான்தான். வேனில் முப்பத்திரண்டு பிள்ளைகள், வீட்டில் முப்பத்திமூன்றாவது. ஒரு நாளில் அவர் சிவனே என்று இருப்பது இரண்டே மணி நேரம்: மதியம் காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்கிற நேரம். இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். ரேடியோ, கார் செய்த கம்பெனியே பொருத்தி அனுப்பியது. சாவி போடாமலே பாடும். வீட்டுக்குள் வேறு ரேடியோ வைத்துப் பார்த்தேன். அதைத் தூக்கி அழுக்குத்துணிக் கூடையில் போட்டுவிட்டுக் காருக்கே போய்விட்டார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் குளிப்பேன், துவைப்பேன், காலை நீட்டிப் படுப்பேன்.

அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். போன வாரம் சாவியை எங்கிருந்தோ தேடி எடுத்து, காரை ஸ்டார்ட் செய்து கேட்டில் கொண்டுபோய் இடித்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை நின்றிருந்தால்? குறடை எடுத்து, பானெட்டைத் தூக்கி, பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். சாவியை ஒளித்து வைத்தால் போதும் என்கிற புத்தி மறுநாள்தான் வந்தது. சாவியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒயரைத் திரும்பப் பொருத்தினால், ரேடியோ பாடவில்லை. அதன் சின்னக் கண்ணாடியில் ஆங்கிலத்தில் 'கோட்' என்று நாலு எழுத்து வந்து நின்றது.

அந்தக் காலத்து ரேடியோவுக்கு அப்படி ஒரு ஏற்பாடாம். கரண்ட் நின்று போனால் திருடன் கழற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு ரகசிய எண் கேட்குமாம். நான் அப்பா பிறந்த வருஷத்தைப் போட்டேன். தப்பு. கார் நம்பரைப் போட்டேன். அதுவும் தப்பு. போனில் பியூஸைக் கேட்டபோது அலறிவிட்டான்.

"ஐயோ, இனிமே தொடாதீங்கக்கா! மூணாவது தடவையும் தப்பாச்சுன்னா மொத்தமா பூட்டிக்கும். அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். கழட்டிப் பாத்தா பொட்டி மேல நம்பர் ஒட்டியிருப்பான், நான் வந்து பாக்குறேன்."

அந்த வாரம் முழுக்க அப்பா வாய் திறக்காத ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். எண் போடுவதற்கு முன்னால் ஓரத்துப் பொத்தான் ஒன்றை அமுக்கிப் பிடிக்க வேண்டும், அவர் கை அதற்குப் போகவில்லை; நல்ல காலம். பாட்டு வராத கோபத்தில் தட்டைத் தள்ளினார், இரவில் கதவை இடித்தார், ஒரு நாள் அழுதார். நானும் அழுதேன், குளியலறையில்.

இதற்கு நடுவே வெளியூரில் இருக்கிற அண்ணன் ஒரு விண்ணப்பப் பாரம் அனுப்பினான். போனிலேயே புண்ணியம் தேடுகிறவன் அவன். முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு கட்டில் காலியாம். சனிக்கிழமை, அதாவது பியூஸ் வந்த அதே நாள், மதியம் ஒரு மணிக்குள் சொல்லிவிட வேண்டுமாம். வெள்ளி ராத்திரி அதை உட்கார்ந்து நிரப்பினேன். 'கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா?' இல்லை. 'சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா?' இல்லை. யோசிக்காமல் எழுதினேன், அதுதான் உண்மை என்று எனக்குத் தோன்றியது. ரேடியோ பாடினால் இன்னும் கொஞ்ச நாள் சமாளிப்பேன், பாடாவிட்டால் என்னால் முடியாது, அனுப்பிவிட வேண்டியதுதான். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுதான் கணக்கு.

"அக்கா, துணி மாட்டுற ஹாங்கர் இருக்கா? கம்பி ஹாங்கர்?" என்று பியூஸ் காரிலிருந்து கத்தினான்.

"ஏன், சட்டையைக் கழட்டி மாட்டப் போறியா?"

"கழட்டுற கம்பியக் கொண்டு வர மறந்துட்டேன்."

ரேடியோவைக் கழற்ற வந்தவன் ரேடியோ கழற்றுகிற கம்பியைத் தவிர எல்லாவற்றையும் கொண்டு வந்திருந்தான். தலையில் அடித்துக்கொண்டு என் யூனிபார்ம் தொங்கிய ஹாங்கரைக் கொடுத்தேன். அதை வெட்டி, இரண்டு துண்டாக வளைத்தான். ரேடியோவின் முகத்தில் இரண்டு ஓரத்திலும் மேலும் கீழுமாகத் துளைகள் இருந்தன. கம்பியின் இரண்டு முனையையும் அதற்குள் விட்டு அழுத்த, இடது பக்கம் டக்கென்று பிடித்தது. வலது பக்கம் அசையவில்லை.

"துரு பிடிச்சிருக்கு," என்றான். கீழே இருந்த சாம்பல் கிண்ணத்தை உருவிவிட்டு, அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பின்னாலிருந்து தள்ளினான். டாஷ்போர்டு முனகியது. அப்பா சட்டென்று அவன் தோளில் ஒரு அடி வைத்தார்.

"மெல்ல!"

"சரி மாமா, மெல்ல," என்றான் பியூஸ். பிறகு என்னைப் பார்த்து, "மாமா நல்லாத்தானே பேசுறாரு?" என்றான்.

"அந்த ஒரு வார்த்தை வரும். நம்பர் கேட்டுப் பாரேன், பத்துன்னு சொல்லுவாரு."

"ரேடியோ கோடு என்னன்னு கேட்டீங்களா?"

கேட்காமல் என்ன? முதல் நாளே கேட்டேன். "அப்பா, ரேடியோ கோடு கேக்குது. கோடு என்னன்னு ஞாபகம் இருக்கா?" என்றேன். முகமெல்லாம் மலர, பென்சிலை எடுத்துச் செய்தித்தாள் ஓரத்தில் கோடு கோடாகப் போட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அப்பா முப்பத்தெட்டு வருஷம் நோட்டுப் புத்தகக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வெள்ளைத்தாளில் கோடு போடுகிற மிஷின் அவருடையது. தெருவில் அவருக்கு இன்றைக்கும் 'கோட்டு மாமா' என்றுதான் பெயர். கோடு என்றதும் பாவம் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னோம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பென்சில் பெட்டியே வாங்கிக் கொடுத்தாள்.

தினமும் நான் கேட்பேன், தினமும் கோடு போடுவார். வியாழக்கிழமை என் வேன் அட்டெண்டன்ஸ் நோட்டில், பிள்ளைகள் பெயர் மேலேயே கறுப்பாக அழுத்திப் போட்டு வைத்திருந்தார். "ஏம்ப்பா இப்படி உயிரை வாங்குறீங்க! நான் கேட்டது இந்தக் கோடு இல்ல!" என்று கத்தி, அவர் கையில் ஒன்று வைத்தேன். பென்சில் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அவர் அந்தக் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். அதைப் பியூஸிடம் நான் சொல்லவில்லை.

"கேட்டேன். கோடு போட்டாரு," என்று மட்டும் சொன்னேன்.

வலது பக்கமும் டக்கென்றது. பெட்டி இரண்டு அங்குலம் முன்னால் வந்தது, அப்புறம் மெதுவாக முழுவதும் வந்தது. பின்னால் ஆன்டெனா ஒயரும் ஒரு கத்தை ஒயரும் தொங்கின. இருபது வருஷத்துத் தூசி அப்பா மடியில் கொட்டியது. நான் படியிலிருந்து எழுந்து கார் ஜன்னலில் வந்து நின்றேன். பியூஸ் பெட்டியைத் திருப்பினான். பக்கவாட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வெயிலிலும் சூட்டிலும் வெந்து, ஒரு எழுத்துகூட இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்தது.

"போச்சு," என்றான்.

மணி பன்னிரண்டு நாற்பது. அண்ணன் ஏற்கெனவே இரண்டு தடவை போன் அடித்திருந்தான். சரி, அனுப்பிவிடலாம், நானும் மனுஷிதானே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் தோள் லேசானது. அந்த லேசு பிடிக்கவும் செய்தது, அதை நினைத்து அருவருப்பாகவும் இருந்தது.

"யாரோ முன்னாடியே கழட்டியிருக்காங்கக்கா," என்றான் பியூஸ், பெட்டியின் மேல்தகட்டைத் துணியால் துடைத்தபடி. "ஆணியால கீறி வச்சிருக்காங்க பாருங்க. சும்மா கோடு கோடா."

தகட்டில் மூன்று கோடு இருந்தது. கொஞ்சம் இடம் விட்டு ஒரு கோடு. இடம் விட்டு ஐந்து. இடம் விட்டு இரண்டு. ஒரே உயரம், ஒரே இடைவெளி. அவ்வளவு சுத்தமாகக் கோடு போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். கார் வாங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே வாசலில் செய்தித்தாளை விரித்து, இந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு அவர் ஏதோ செய்துகொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எதையும் தாளில் எழுதி வைக்க மாட்டார். தாளிலேயே வாழ்ந்தவர், அதனால் தாளை நம்ப மாட்டார்.

வேனுக்கு ஓடினேன். அட்டெண்டன்ஸ் நோட்டை எடுத்து வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். மூன்று கோடு, ஒன்று, ஐந்து, இரண்டு. நடுவில் இடைவெளி. நான் அதைப் பதினோரு கோடாகத்தான் பார்த்திருக்கிறேன். இடைவெளியை நான் பார்க்கவே இல்லை.

"பியூஸ், நம்பர் போட, தடவைக் கணக்குலதானே பொத்தானை அழுத்தணும்?"

"ஆமாக்கா, முதல் நம்பருக்கு ஒண்ணாம் பொத்தான். நம்பர் எத்தனையோ அத்தனை தடவை அழுத்தணும். ரெண்டாவதுக்கு ரெண்டாம் பொத்தான், அப்படியே போகணும்." சொல்லிக்கொண்டே வந்தவன் தகட்டைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். "அடப் பாவமே. மாமா தினமும் சொல்லிட்டுத்தான் இருந்திருக்காரு."

எண் மறந்துபோன மனிதர், எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்பதைத் தாளில் போட்டுக் காட்டியிருக்கிறார். நான் கோடு கேட்டேன், அவர் கோடு கொடுத்தார். ஐந்து நாள் கொடுத்தார். ஐந்தாவது நாள் அடியும் வாங்கிக்கொண்டார். எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல் இருந்தது.

பியூஸ் ஒயரைச் செருகினான். 'கோட்' என்று வந்தது. "ஒரே தடவைதான்க்கா," என்றான். என் விரல் போகவில்லை. ஜன்னல் வழியாகக் குனிந்தேன்.

"அப்பா. ரேடியோ கோடு கேக்குது."

அவர் என்னைப் பார்த்தார். பென்சிலைத் தேடவில்லை. கையை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"அடிக்க மாட்டேன்ப்பா. நீங்களே போடுங்க."

பியூஸ் பெட்டியை அவர் மடியில் வைத்து, எண் ஏற்றுகிற நிலைக்குக் கொண்டுவந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கை வந்தது. ஒன்றாம் பொத்தானில் மூன்று. அடுத்ததில் ஒன்று. அடுத்ததில் ஐந்து, மெல்ல, ஒவ்வொன்றாக. கடைசியில் இரண்டு. கரகரவென்று சத்தம் வந்தது, பிறகு யாரோ ஒரு பெண் மழை வரும் என்று வாசித்தாள்.

"சொன்னேன்ல," என்றார் அப்பா.

"சொன்னீங்கப்பா. எனக்குத்தான் கேக்கல."

பியூஸ் ஒயரைச் சுருட்டி உள்ளே தள்ளுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் உள்ளே போய்ப் பாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தேன். நான் எழுதியிருந்த இரண்டு 'இல்லை'யையும் அடித்தேன். கீழே இன்னொரு கேள்வி இருந்தது. 'இங்கே சேர அவருக்குச் சம்மதமா?' அதற்கு 'ஆம்' என்று எழுதியிருந்தேன். யாரைக் கேட்டு எழுதினேன்?

"அப்பா, ஒரு எடம் இருக்கு. கட்டில் இருக்கு, பாத்துக்க ஆளுங்க இருக்காங்க. அங்க போறீங்களா?"

அவர் திரும்பவில்லை. ரேடியோவில் மழை முடிந்து பாட்டு வந்தது. பதில் வராது என்று நினைத்து நான் பாரத்தை மடிக்கும்போது சொன்னார்.

"அலுத்துப் போச்சாம்மா உனக்கு?"

இரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை. அண்ணன் கேட்டதில்லை, டாக்டர் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"ஆமாப்பா," என்றேன். "ரொம்ப."

போன் அடித்தது. அண்ணன்தான். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

"அந்தக் கட்டில வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு. அடுத்த மாசம் நானே கெஞ்சிக்கிட்டு வந்தாலும் வருவேன், இன்னைக்கு வேண்டாம். இல்லத்துக்காரங்க யாராவது கேட்டா, அப்பா கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொல்றாருன்னு சொல்லு," என்றேன்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டான் அவன்.

நான் போனை அப்பாவிடம் நீட்டினேன்.

"நீயே கேளு," என்றேன். "கேட்டுட்டுக் கொஞ்சம் பொறு, பதிலையும் கேளு."