தங்கப் பல்லியைத் தொட்டவள்

மாப்பிள்ளை வீட்டார் கேசரியை வாயில் வைக்கிற நேரம் பார்த்து, டியூப்லைட் பக்கத்திலிருந்து ஒரு பல்லி என் தங்கை நிஷாவின் உச்சந்தலையில் விழுந்தது. தலையிலிருந்து தோளுக்கு இறங்கி ஓடப் பார்த்ததை, மாப்பிள்ளையின் அத்தை ஆதிலட்சுமி பதறிப்போய்த் தட்டிவிட்டாள். பல்லி ஜன்னல் வழியாகப் போய்விட்டது. வால் மட்டும் அறுந்து, கேசரித் தட்டில் விழுந்து துடித்தது.

"எய்ந்திருடா ஸ்ரீகாந்த்து," என்றாள் ஆதிலட்சுமி. "தலையில வுயுந்தா சாவு. பஞ்சாங்கத்துலயே போட்டுக்கீது."

ஸ்ரீகாந்த் இன்ஜினியர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ரோபோக்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவன். நிஷாவுக்கும் அங்கேதான் வேலை. ஒரே கம்பெனி பஸ்ஸில் போய்வந்து ஒருவரையொருவர் பிடித்துப்போய், வீட்டில் அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து அவள் கொண்டுவந்த நாள் இது. ரோபோவுக்கே புத்தி சொல்கிறவன், அத்தை ஒரு வார்த்தை சொன்னதும் எழுந்து நின்று பேன்ட்டை உதறிவிட்டுக்கொண்டான். இவனுக்காகவா இந்தப் பெண் பட்டினி கிடந்தாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாலவாக்கம் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் பெரியவர்களுக்கு 'எளிய அறிவியல்' என்று வகுப்பு எடுக்கிறேன். தெரியாதவர்களுக்கு ஏதாவது தெரியட்டுமே என்ற நப்பாசைதான். வருகிறவர்கள் ஃபேன் காற்றுக்கு வருகிறார்கள். கனகா போனுக்கு சார்ஜ் போட வருகிறாள். போன மாதம், மாட்டுக்கு வயிறு ஒன்றுதான், அதற்குள் நாலு அறை என்று படம் போட்டுத் தொண்டை வறளச் சொல்லி முடித்தேன். பெருமாள் எழுந்து, "அப்டின்னா நாலு வேளை தீனி வெக்கணுமா டீச்சரம்மா?" என்று கேட்டார். நாலு மாடு வைத்திருக்கிற மனுஷன். இவர்களுக்குச் சொல்வதற்குப் பதில் அந்த மாடுகளுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஆனாலும் தட்டில் துடிக்கிற வாலைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அத்தை, செத்த உக்காருங்க. பல்லி காலுல பசை எதுவும் கெடயாது. கண்ணுக்குத் தெரியாத பொடி முடிங்க லட்சக்கணக்குல கீது. அதால தான் செவுத்த புடிச்சிக்கினு நிக்குது. லைட்டாண்ட வர்ற பூச்சிக்காக ரெண்டு பல்லி அடிச்சிக்கினு இருந்துச்சு, நானே பாத்தேன். தோத்தது புடி வுட்டுட்டு கீய வுயுந்துச்சு. கீய நிஷா தலை இருந்துச்சு, அவ்ளோதான். இந்த வாலு துடிக்குது பாருங்க, எதிரி இதையே பாத்துக்கினு நிக்கட்டும், நாம தப்பிச்சி ஓடிடலாம்னு பல்லியே கயட்டி வுட்டது."

எல்லோரும் அக்கறையாகத்தான் கேட்டார்கள். ஆதிலட்சுமி குனிந்து வாலைக்கூடப் பார்த்தாள்.

"நல்லா சொன்னமா. எல்லாம் சரி. ஆனா தலையிலதான வுயுந்துச்சு?"

இன்ஜினியர் தலையை ஆட்டினான்.

பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். "உங்க வூட்ல தங்கப் பல்லிய தொட்டவங்க யாருனா கீறாங்களா? அவங்க கைய கண்ணுல ஒத்திக்கினா தோஷம் பூடும்."

காஞ்சிபுரம் வரதர் கோயிலில், மேற்கூரையில் தங்கத்தில் ஒரு பல்லி இருக்கிறது. அதைத் தொட்டவர்களைப் பல்லி தோஷம் அண்டாது, தொட்டவர்களைத் தொட்டாலும் தோஷம் விலகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்து என்ன? மாப்பிள்ளை வீட்டார் திண்டிவனம் பக்கத்துக்காரர்கள், போனதில்லை. எங்கள் அப்பா ஏகாம்பரம் திருப்பதியில் மொட்டை போட்டவர், சபரிமலை ஏறியவர், காசிக்கே போய்வந்தவர். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய காஞ்சிபுரத்துக் கோயிலை மட்டும், இங்கதானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவைத்திருந்தார்.

அப்பா துள்ளி எழுந்தார். "எம் பெரிய பொண்ணு வளர்மதி தொட்டுக்கீது! ஸ்கூல்ல டூர் இட்டுக்கினு போனாங்கோ!"

போனது நிஜம். மற்ற பெண்கள் எல்லாம் படியேறித் தொட்டார்கள். நான், தகட்டைத் தடவ எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டு, குளத்துப் படியில் உட்கார்ந்து புளிசாதம் தின்றேன். வீட்டில் இது நிஷாவுக்கு மட்டும்தான் தெரியும். எத்தனையோ முறை இதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் ஊரையே கிண்டலடித்துச் சிரித்திருக்கிறோம்.

அந்த நிஷா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. பயம். 'அக்கா' என்று உதடு மட்டும் அசைந்தது.

"தொட்டுக்கீறேன்," என்றேன்.

ஆதிலட்சுமி முதல் ஆளாக வந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நிஷாவை ஒற்றிக்கொள்ள வைத்தார்கள். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்புறம் ஸ்ரீகாந்த், கோயிலில் நிற்பவன் போல அவ்வளவு பக்தியாகக் குனிந்தான். அதே கையால் அவனை ஒன்று அறையலாமா என்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் யாரும் இப்போது தட்டைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அடுத்த ஞாயிறு நூலகத்தில் நிற்க இடமில்லை. டீக்கடையிலிருந்து பெஞ்சு தூக்கி வந்து போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஆதிலட்சுமி, அவள் ஊர்ப் பெண்களோடு.

"அன்னிக்கு உன் கைய தொட்டதுலர்ந்து முட்டி வலி காணோம்மா," என்றாள். "அதான் இவங்களையும் இட்டுக்கினு வந்தேன்."

நான் அன்றைக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்து வந்திருந்தேன். இந்த அறிவுகெட்ட ஜனங்களுக்குப் பயந்து பொய் சொல்லி, நானும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டேனே என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது. பல்லிக்காலில் இருந்து ஆரம்பித்து, புளிசாதத்தில் முடிப்பது என்று திட்டம். பலகையில் பல்லியின் பாதத்தைப் பெரிதாக வரைய ஆரம்பித்தேன்.

"பாடம் எங்க ஓடிடப் போவுது டீச்சரம்மா," என்றார் பெருமாள். "மொதல்ல கைய நீட்டு."

கனகா போனை சார்ஜிலிருந்து பிடுங்கிவிட்டு வரிசையில் வந்து நின்றாள்.

வாசலில் நிஷா நின்றிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று அவள் தலையசைக்கவில்லை, கெஞ்சவில்லை. துப்பட்டா நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். கெஞ்சியிருந்தால் சொல்லியிருப்பேன்.

கையை நீட்டினேன்.

ஒவ்வொருவராக ஒற்றிக்கொண்டு போனார்கள். கையைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கடைசியாக நிஷா வந்தாள். தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நன்றாகத் தெரிந்தவள், இன்றைக்கு யாரும் கூப்பிடாமலே வந்து, என் கையை எடுத்துக் கண்ணில் வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றாள். கை நனைந்தது.

பலகையில் பல்லியின் பாதம், வரைந்த வரைக்கும், மூன்று விரலோடு நின்றிருந்தது. வெளியே ஆதிலட்சுமியும் அவள் கூட்டமும் ஷேர் ஆட்டோவுக்காக வெயிலில் நின்றார்கள், இமையெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சாக்பீஸ் தூள்.