தம்பதியாக வருபவர்களுக்கு மட்டும்

எனக்கென்று வந்த ஒரே சம்பந்தம் ஒரு மலைவாச விடுதிக் கம்பெனி அச்சடித்த அட்டையில் வந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கோயமுத்தூரில் புலியகுளத்துப் பக்கம் வாடகை வீடு. அதில் நான், ஒரு ரேடியோ, திருத்த வேண்டிய நோட்டுகள். 1997ஆம் வருடம்.

அட்டையைக் கொண்டுவந்தவர் தேவதாஸ். எங்கள் சர்ச் சபைப் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுபவர். மூடிப்போன ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு, இப்போது பம்ப் செட் பட்டறை ஒன்றில் பில் போடுகிறார். மனைவி இறந்து ஆறு வருடம், ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாப் வரை நடந்து வருவோம். பத்து நிமிட நடை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இரண்டு வருடமாகப் பிடித்திருந்தது. அவர் ஒரு வார்த்தை கேட்டால் சரி என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் விலைவாசி பற்றிக் கேட்பார், பள்ளிக்கூடம் பற்றிக் கேட்பார், அந்த ஒன்றை மட்டும் கேட்க மாட்டார்.

"ஏனுங்க டீச்சர், உங்ககிட்ட ஒரு காரியம் கேக்கலாமுங்களா?" என்றார் அந்தச் சனிக்கிழமை.

"கேளுங்க."

"தப்பா நெனச்சுக்கக் கூடாது."

தப்பாக நினைக்கக் கூடாது என்று ஓர் ஆண்பிள்ளை ஆரம்பித்தால் என்ன அர்த்தம்? நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

பெட்ரோல் பங்க்கில் பேரும் முகவரியும் எழுதிப் பெட்டியில் போட்டாராம். கம்பெனிக்காரர்கள் அவரை அதிர்ஷ்டசாலி என்று தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். நாளை மாலை நாலு மணிக்கு அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலில் கூட்டம். மலைமேல் அவர்கள் கட்டியிருக்கும் வீடுகளைப் பற்றிச் சொல்வார்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும். எதுவும் வாங்க வேண்டியதில்லை. மூன்று ஹாட் பேக் அடங்கிய செட் இலவசம். கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்: தம்பதியாக வருபவர்களுக்கு மட்டும்.

"மத்தியானம் மெஸ்ஸுல வாங்கி வெக்கற சோறு ராத்திரிக்குள்ள ஆறிப்போயிருதுங்க டீச்சர். ஒரு ஹாட் பேக் இருந்தா கொஞ்சம் சூடாத் திங்கலாம். நீங்க சும்மா பக்கத்துல உக்காந்தாப் போதும். பேசறதெல்லாம் நான் பேசிக்கறனுங்க."

சிரிப்பதா திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு ஹாட் பேக் நானே கடையில் வாங்கிக் கொடுத்துவிடலாம். என்ன உரிமையில் கொடுப்பது? இதற்கெல்லாம் ஹாட் பேக் எதற்கு, ராத்திரி என் வீட்டுக்கு வாங்க, சூடாகவே சாப்பிடலாம் என்றும் சொல்லலாம். அதைச் சொல்கிற வாய் எனக்கு இல்லை.

"செரிங்க, வாரேன்" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் மூன்று புடவை மாற்றினேன். பொய்க்குத்தானே போகிறோம், எதைக் கட்டினால் என்ன என்று கண்ணாடியில் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் மாம்பழ நிறப் பட்டைக் கட்டிக்கொண்டேன். ஒரே பஸ்ஸில்தான் போனோம், பெண்கள் பக்கம் நான் முன்னால், ஆண்கள் பக்கம் அவர் பின்னால். ஹோட்டல் வாசலில்தான் நாங்கள் தம்பதி ஆனோம்.

உள்ளே ஏ.சி. குளிர். வட்ட மேசைகள், பலூன்கள், நடுவில் பாட்டு. எங்கள் மேசைக்கு வந்த பெண்ணின் பெயர் லோகப்பிரியா. கோட்டு போட்டிருந்தாள். என் பழைய மாணவியாக இருந்துவிடக் கூடாதே என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். நல்லவேளை, அவள் கோபிசெட்டிபாளையத்துப் பெண். தேவதாஸிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். அதில் மனைவி பெயர் என்று போட்டிருந்த இடத்தில் அவர் யோசிக்காமல், ஸ்டோர் கீப்பரின் அழகான கையெழுத்தில், என் பெயரோடு தன் பெயரைச் சேர்த்து ரூத் தேவதாஸ் என்று எழுதினார். நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரூத்து, நீ காப்பி குடிக்கறயா, டீயா?" என்றார் என்னிடம் திரும்பி.

எங்கள் ஊரில் ஆளுக்கு ஆள் மரியாதை. பால்காரரிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் என்னிடம் எல்லோரும் வாங்க போங்கதான். அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் என்னை நீ என்று கூப்பிட உலகத்தில் ஓர் ஆள் இல்லை. அது எனக்கு அந்த மேசையில்தான் தெரிந்தது.

"காப்பிங்க" என்றேன்.

லோகப்பிரியா சாமர்த்தியக்காரி. வீடு விற்கும் பேச்சை எடுக்கவே இல்லை. உங்க வீட்டுல காலைல யாருங்க மொதல்ல எந்திரிப்பாங்க என்று கேட்டாள்.

"அவதான்" என்றார் தேவதாஸ். "அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிச்சு ரேடியோவப் போட்டுருவா. ரேடியோல செய்தி முடியறக்குள்ள சட்டினி அரைச்சு முடிச்சிருவா. தேங்காச் சட்டினில இஞ்சி ஒரு துண்டு போடுவா. அப்படி யாரும் போட மாட்டாங்க, இவ போடுவா."

"சண்ட வருமுங்களா?"

"எனக்குக் காப்பிக்குச் சக்கர கொஞ்சம் தூக்கலா வேணும். குடுக்க மாட்டேங்கறா. அது ஒண்ணுதான் சண்ட."

ரேடியோ நிஜம். இஞ்சி நிஜம். சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் அவரிடம் சொன்னதும் நிஜம். எப்போதோ நடையில் போகிறபோக்கில் சொன்னவை எல்லாவற்றையும் இந்த மனிதர் ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறார். அப்படியானால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் அல்லவா? இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். நாற்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்புப் பெண்ணைப் போல நினைத்தேன்.

பிறகு விளக்கை அணைத்துப் படம் காட்டினார்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவு, ஓட்டு வீடு, பனி, வராந்தாவில் இரண்டு நாற்காலி. ஒருதரம் பணம் கட்டினால் வருடத்துக்கு ஒரு வாரம் அந்த வீடு நமக்கு. முப்பத்து மூன்று வருடத்துக்கு. கணக்கு டீச்சருக்குச் சும்மா இருக்க முடியுமா? நாற்பத்தாறும் முப்பத்து மூன்றும் எழுபத்தொன்பது. அவருக்கு எண்பத்தைந்து. அந்த இரண்டு நாற்காலியில் எழுபத்தொன்பதும் எண்பத்தைந்தும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். முப்பத்து மூன்று வாரம்கூட வேண்டாம், எனக்கு ஒரு வாரம் போதும் என்றிருந்தது.

விளக்கைப் போட்டதும் என் வாய் தானாகப் பேசிவிட்டது.

"ஏனுங்க, எடுத்துக்கலாமுங்களா?"

லோகப்பிரியாவின் முகம் மலர்ந்தது. தேவதாஸ் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். குனிந்து காதருகில் சொன்னார்: "பிரமாதமா நடிக்கறீங்க டீச்சர். ஆனா போதுமுங்க, நெசமாவே நம்பிப்போடுவாங்க."

நான் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டேன். அதில் ஒன்றும் மிச்சம் இல்லை.

அதன்பிறகு மேனேஜர் வந்தார், தள்ளுபடி சொன்னார், இன்று மட்டும்தான் இந்த விலை என்றார். தேவதாஸ் எல்லாவற்றுக்கும் "ஊட்டுல கலந்து பேசிப்போட்டுச் சொல்றனுங்க" என்றார். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வீட்டில் கலந்து பேசுகிறேன் என்கிற ஆளை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள். களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். ஒன்றரை மணி நேரமும் முடிந்தது.

மைக்கில் கூப்பிட்டார்கள். "திரு தேவதாஸ், திருமதி ரூத் தேவதாஸ். பரிச வாங்கிக்க முன்னால வாங்க." கைதட்டினார்கள். லோகப்பிரியா பூப்போட்ட மூன்று ஹாட் பேக்கையும் பெட்டியோடு எங்கள் கையில் வைத்தாள். ஒருபக்கம் அவரும் ஒருபக்கம் நானுமாகப் பிடித்தோம். அப்போதுதான் பின் மேசையிலிருந்து ஒருத்தி எழுந்து வேகமாக வந்தாள். ஜோஸ்லின். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவி. அவளுடைய வீட்டுக்காரர் வின்ஸ்டன் பின்னாலேயே வந்தார். அவர்களுக்கும் அட்டை போயிருக்கிறது.

"டீச்சர்! என்னங்க இது, மைக்குல சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு! எப்பங்க ஓலை வாசிச்சாங்க? போன மாசம் பூரா நாங்க ஆனமலைல இவரு தங்கச்சி ஊட்டுல இருந்தோம், அப்பவா?"

எங்கள் சபையில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முன்னதாக மூன்று ஞாயிறு ஆராதனையில் இருவர் பெயரையும் வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். அதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். தான் ஊரில் இல்லாத மூன்று ஞாயிறில் அது நடந்துவிட்டது என்று ஜோஸ்லின் முடிவே செய்துவிட்டாள். கோபமில்லை அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப நல்லதுங்க டீச்சர். எத்தன நாளைக்குத்தான் ஒத்தையாவே இருப்பீங்க? நானே பாஸ்டர்கிட்ட ஒருக்காச் சொல்லியிருக்கேன், இந்த ரெண்டு பேரையும்..."

நான் தேவதாஸைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே போதும். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பரிசை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், மிச்சத்தை ஜோஸ்லின் பார்த்துக்கொள்வாள். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்கிறேன். கர்த்தரே, இந்த மனிதர் வாயை ஒரு நிமிடம் மூடும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஐயோ, இல்லீங்க!" என்றார் தேவதாஸ். ஹால் முழுக்கக் கேட்கிற கீழ்க்குரல். "சத்தியமா அப்படி ஒண்ணுமே இல்லீங்க. சும்மா இந்த ஹாட் பேக்குக்காகத்தானுங்க. ஜோடியா வந்தாத்தான் குடுப்பேன்னாங்க, டீச்சரத் தொணைக்குக் கூட்டிட்டு வந்தேன். எங்களுக்குள்ள என்னங்க இருக்குது?" சொல்லிக்கொண்டே பெட்டியை என் கையிலிருந்தும் சேர்த்துப் பிடுங்கி லோகப்பிரியாவிடம் நீட்டினார். "இந்தா அம்மணி, இத நீயே வெச்சுக்க. நாங்க புருசன் பொஞ்சாதி இல்ல."

அந்தப் பெட்டிக்காக ஒன்றரை மணி நேரம் கூசாமல் பொய் சொன்ன மனிதர். என்னை அவர் மனைவி என்று ஒருத்தி நம்பிய உடனே, அந்தப் பெட்டியே வேண்டாம் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஜோஸ்லின் ஒரு கணம் விழித்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வின்ஸ்டனும் சிரித்தார். லோகப்பிரியாகூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய?

பஸ் ஸ்டாப்பில் தேவதாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நல்லவேள டீச்சர். உங்க பேரு கெட்டிருக்கும்."

"ஹாட் பேக் போச்சுங்களே" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை.

"போனாப் போவுதுங்க. நீங்க முக்கியமா, ஹாட் பேக் முக்கியமா?"

அவர் என்னிடம் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அதுதான். நல்ல மனசோடுதான் சொன்னார். பஸ் வந்தது. அவர் பின்னால் ஏறினார், நான் முன்னால் ஏறினேன். அன்று ராத்திரி பட்டுப்புடவையை மடிக்கும்போது அழுதேன்.

அடுத்த ஞாயிறு சபைக்குப் போகக் கால் வரவில்லை. ஜோஸ்லின் வாயில் விழுந்தது ஊர் முழுக்கப் போகாமல் இருக்காது. நினைத்தபடியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஆளாளுக்கு என்னிடம் ஹாட் பேக் கதை கேட்டார்கள், சிரித்தார்கள், தங்களுக்கும் அட்டை வந்திருக்கிறது, போகலாமா என்று விசாரித்தார்கள். ஒருவர்கூட ஜாடையாக எதுவும் பேசவில்லை. யாரும் யாரையும் முழங்கையால் இடிக்கவில்லை. டீச்சரா, தேவதாஸா, சேச்சே என்கிற பேச்சுக்கூட இல்லை. என் பெயர் கெட்டுவிடும் என்று அவர் பதறினாரே, கெடுப்பதற்குக்கூட யாருக்கும் தோன்றவில்லை. வம்புக்கும் உதவாத ஒரு பெண்பிள்ளையாகவா நான் இத்தனை நாள் அவர்கள் நடுவில் இருந்திருக்கிறேன்? தேவதாஸ் சொன்ன எதையும்விட அதுதான் என்னை உள்ளே குத்தியது.

சனிக்கிழமை நடைக்கு நான் இரண்டு வாரம் போகவில்லை, பரீட்சைத் தாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் வாரம் போனேன். வீட்டில் உட்கார்ந்து யாரோடு கோபித்துக்கொள்வது?

பாதி வழியில் தேவதாஸ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்கக் கூடாது. இது வேற கம்பெனிங்க. வர்ற ஞாயித்துக்கெழம, காந்திபுரத்துல. இந்தத் தடவ பதனமா இருந்துக்கலாம். சபையாளுக யாராச்சும் இருக்காங்களான்னு வாசல்லயே நின்னு பாத்துப்போட்டு அப்புறம் உள்ள போலாமுங்க."

நெஞ்சு வரைக்கும் கோபம் வந்தது. உங்களுக்கு வெட்கமாயில்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன மணி நேரமுங்க?" என்று கேட்டேன்.

"இவிய ரெண்டு மணி நேரமுன்னு போட்டிருக்காங்க. கொஞ்சம் ஜாஸ்திதானுங்க."

"செரிங்க, வாரேன்" என்றேன். என்ன பரிசு என்று நான் கேட்கவில்லை.