ஏழாம் கல்லின் எடை

அந்தக் கல்லின் விலை ஒன்று. ஒரு லட்சமா, ஒரு கோடியா என்று கேட்காதீர்கள், வெறும் ஒன்று. காப்பீட்டுப் படிவத்தின் விலைக் கட்டத்தில் அருங்காட்சியக இயக்குநர் முதலில் ‘விலைமதிப்பற்றது’ என்றுதான் அடித்தார். எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்று கட்டம் சிவந்தது. பூஜ்யம் போட்டார், அதற்கும் சிவந்தது. ஒன்று போட்டார், பச்சையாகிவிட்டது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய சந்தையிலிருந்து தோண்டியெடுத்த எடைக்கல், அன்று முதல் அந்தக் கட்டடத்திலேயே மலிவான சாமான். வாசலில் இருந்த குப்பைத்தொட்டிக்குக்கூடப் பதினெட்டு என்று போட்டிருந்தது.

அந்தக் கல்லும் அதன் எட்டுக் கூட்டாளிகளும் இருந்த அறையில் ஜனங்களை நிற்க வைப்பதுதான் வடிவமைப்பாளரின் வேலை. அவள் மளிகைக்கடைக்காரர் மகள். கடைக்குள் காலை வைத்தவரைச் சும்மா திருப்பி அனுப்பாத வம்சம். ஆனால் இந்த அறைக்குள் வந்தவர்கள் சும்மாதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய தொடுதிரை ஒன்று வைத்துப் பார்த்தாள். விரலால் கல்லை இழுத்துத் தராசில் போடலாம், டிங் என்று மணி அடிக்கும். வந்தவர்கள் ஒரு டிங் கேட்டுவிட்டு, விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் சீட்டுக் கிழிக்கும் அம்மாள் நிறுத்துக்கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தாள். ஆள் ஒன்றுக்குச் சராசரி பதினொரு வினாடி. அந்த அம்மாள் கணக்கில் கறார்; வந்தவர் கொட்டாவி விட்டால் அந்த நொடியே கடிகாரத்தை நிறுத்திவிடுவாள்.

“ஒரு நிமிஷம் நிக்க வைங்க மேடம், போதும்” என்றார் இயக்குநர். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா இந்த இடத்தைக் காபிக்கடைக்குக் கொடுத்துடச் சொல்லி மேலேயிருந்து எழுதிட்டாங்க.”

அறை போனால் அவள் வேலையும் போகும். ஒப்பந்தத்தில் அந்த அறைக்குத்தான் அவள்.

தொடுதிரையைத் தூக்கிவிட்டுக் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி நகல் கற்கள் செய்யச் சொன்னாள். அளவு, எடை இரண்டும் பதிவேட்டில் இருக்கிறபடியே வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கல்தச்சர் வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்து இறக்கினார். ஒன்பது கேட்டதற்குப் பத்து இருந்தது.

“ஏழாம் நம்பர் கல்லை உங்க ஆளுங்க தப்பா எழுதி வச்சிருக்காங்கம்மா” என்று ஆரம்பித்தார். “அளவு பார்த்துச் செதுக்கினா எடை இருபத்தஞ்சு கிராம் கூடுது. எடை பார்த்துச் செதுக்கினா கல்லு சின்னதாப் போகுது. கடைசியில, வேற ஒண்ணைச் செதுக்கி, அடியில துளை போட்டு, மெழுகும் கல்பொடியும் குழைச்சு அடைச்சு, கவிழ்த்தாலும் தெரியாதபடி தேய்ச்சுட்டேன். இப்ப ரெண்டும் சரி. முதல்ல செஞ்சது வீணாப் போக வேண்டாம், அதையும் வச்சுக்கோங்க.”

பதிவேட்டில் பிழை இருப்பது புதிதா என்ன? அவளும் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

மத்தியானம் தம்பி வந்தான். இப்போது கடையைப் பார்ப்பவன் அவன்தான். அக்கா வண்டிச் சாவியை மறந்துவிட்டுப் போனதற்கு நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம் என்று வந்தவன், மேசையில் கற்களைப் பார்த்ததும் கையில் எடுத்துத் தூக்கிப் போட்டுப் பிடிக்க ஆரம்பித்தான். ஏழாம் கல்லில் கை நின்றது. பக்கத்தில் இருந்த அதன் ஜோடியை இன்னொரு கையில் எடுத்தான்.

“அக்கா, இது யார் கடைக் கல்லு?”

“ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கடை. ஏன், போட்டிக்கு வந்துடுவான்னு பயமா?”

“இவன் திருடன்.”

“டேய், செத்துப்போன மனுஷன் மேல பழி போடாத. பதிவேட்டுல தப்பு.”

“பதிவேடு தப்பா எழுதும். தராசு தப்பா எழுதுமா? நூத்துக்கு ஆறு குறையுது பாரு. பேராசைக்காரன் இருபது அடிப்பான், ஒரே வாரத்துல மாட்டிக்குவான். ஆறு அடிக்கிறவன்தான் மாடி வீடு கட்டுவான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நம்ம வீட்டுல மாடி இல்லையே, அதுலேர்ந்து தெரிஞ்சுக்கோ.”

அவள் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாள். வலது கைக் கல் லேசு என்று பட்டது. கை மாற்றினாள், இடது கைக் கல் லேசு. மறுபடி மாற்றினாள். சத்தம் கேட்டு இயக்குநர் வந்தார். அவரும் வாங்கிப் பார்த்து, கண்ணை மூடிப் பார்த்து, அடித்துச் சொல்லி, தப்பாகச் சொன்னார். தோற்ற கோபத்தில் சாவியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியையே திறந்தார். கையுறை மாட்டிக்கொண்டு, மேடையோடு ஒட்டியிருந்த அசல் ஏழாம் கல்லை மெதுவாகப் பிரித்துக் கவிழ்த்தார்.

அடியில், நட்ட நடுவில், வட்டமாக ஓர் அடைப்பு இருந்தது. கல்லின் நிறம்தான், ஆனால் கல் இல்லை.

கூலிக்குக் காத்திருந்த கல்தச்சர் எட்டிப் பார்த்தார். “அட, நான் போட்ட அதே இடம்! அளவுகூட அதே அளவு!” என்று பூரித்தவர், கூட்டாளி யாரென்று உறைத்ததும், “நீங்க கேட்ட எடைக்குத்தான் நான் போட்டேன்” என்று குரலைத் தாழ்த்தினார்.

இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. “பெரிய பலகை ஒண்ணு வைப்போம் மேடம். ‘போலி எடைக்கல்’னு தலைப்பு. கீழே நாலு பத்தி விளக்கம்.”

அவள் பதில் சொல்வதற்குள் வாசல் அம்மாள் கடிகாரத்தோடு உள்ளே வந்தாள். “நாப்பத்தோரு நிமிஷம்” என்றாள்.

“என்னது?”

“நீங்க எல்லாரும் இந்த ரெண்டு கல்லுகிட்ட நின்னது. பழக்கதோஷம், அழுத்திட்டேன். ஒருத்தர்கூடக் கொட்டாவி விடலை.”

வடிவமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தாள், கற்களைப் பார்த்தாள், பிறகு இயக்குநரைப் பார்த்தாள். “பலகை வேண்டாம் சார். பதில் தெரிஞ்சா நாம யாரும் இவ்வளவு நேரம் நின்னிருக்க மாட்டோம்.”

“பதிலே சொல்லாம அனுப்பினா சண்டைக்கு வருவாங்களே!”

“சொல்லலாம். எங்கேன்றதுதான் கேள்வி.” தம்பியிடம் திரும்பினாள். “நம்ம கடையில உப்பு எங்க இருக்கும்?”

“கடைசி அலமாரியில. உப்பு எல்லாருக்கும் வேணும். அது வரைக்கும் நடந்தா, வழியில நாலு சாமான் கண்ணுல படும்.” சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்குப் புரிந்தது. “அக்கா! ஜனங்களுக்கு உப்பு வைக்கப் போறியா?”

சனிக்கிழமை முழுவதும் மேசைகளை இழுத்தார்கள். வாசலருகே இரண்டு நகல் கற்கள், ஒரே ஒரு அட்டை: ‘இதில் ஒன்று உங்களை ஏமாற்றுகிறது. எது?’ தராசு அறையின் மறுகோடியில். அதை அடைய எல்லாப் பெட்டிகளையும் கடந்துதான் ஆகவேண்டும். தராசுக்குப் பக்கத்தில் அசல் ஏழாம் கல், அதன் அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. குனிந்து பார்த்தவருக்கு மட்டும் அடைத்த துளை தெரியும்.

ஞாயிறு காலை முதல் ஜோடியே புருஷன் பெண்டாட்டி.

“வலது கைதான். இருபது வருஷமா காய்கறி வாங்குறேன், எனக்குத் தெரியாதா?”

“வாங்குறது நீ. தூக்கிட்டு வர்றது நான். இடது.”

தராசுக்குப் போகிற வழியெல்லாம் தர்க்கம். புருஷன் ஜெயித்தார், ஜெயித்ததை ரசிக்கத்தான் பயந்தார்.

பதினோரு மணிக்குக் காபிக்கடைக்காரர் அளவுநாடாவோடு வந்தார். எந்தச் சுவரில் அடுப்பு, எந்த மூலையில் கல்லாப்பெட்டி என்று மனதில் கோடு போட்டுக்கொண்டே வந்தவர், வரிசையைப் பார்த்து நின்றார். கல்லைக் கையில் வாங்குவதற்காக நாடாவைக் கீழே வைத்தார். பன்னிரண்டரைக்கும் அங்கேதான் இருந்தார். “தராசுல பார்த்துடுங்களேன்” என்று வாசல் அம்மாள் சொன்னதற்கு, “நானும் வியாபாரிதாம்மா, தராசு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?” என்று ரோஷப்பட்டார். போகும்போது இயக்குநரைத் தனியே கூப்பிட்டு, “எனக்கு வெளியே அந்த மரத்தடியே போதும் சார். உள்ளேயிருந்து தொண்டை காஞ்சு வருவாங்க” என்றார்.

மாலை ஐந்து மணிக்கு வாசல் அம்மாள் நோட்டைத் திறந்து கணக்கை வாசித்தாள்:

வந்தவர்கள் 214. சராசரி நின்றது நான்கு நிமிடம் பத்து வினாடி. சரியாகச் சொன்னவர்கள் 120. தப்பாகச் சொன்னவர்கள் 93. சொல்லவே மறுத்தவர் 1, காபிக்கடைக்காரர். அவர் மறந்து விட்டுப்போன அளவுநாடா 1. காலையில் வாசல் மேசையில் வைத்த கற்கள் 2. மாலையில் இருப்பது 1. அது துளைபோட்ட கல். பாக்கி, நல்ல கல் ஒன்று. எடுத்துப்போனவர் அந்த நூற்றிருபது பேரில் ஒருவர்.