பாதி மீசை வழக்கு

சகலைகள் இருவருமே திருத்துகிற வேலையில் இருந்தார்கள். மூத்தவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இளையவர் முடி திருத்துபவர். பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்று நாற்காலி போட்ட சலூன் அவருடையது. அக்காவையும் தங்கையையும் கட்டிக்கொண்டவர்கள். பகை என்று எதுவும் கிடையாது. ஆனால் மூத்தவருக்கு எதைப் பார்த்தாலும் பிழை கண்ணில் படும். இளையவருக்கு யார் எதைச் சொன்னாலும் பதில் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

அன்றைக்கு மூத்தவர் முகமெல்லாம் நுரையோடு, கண்ணை மூடி, நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அவருடைய மீசை அந்த வட்டாரத்தில் பிரசித்தம். இரண்டு முனையும் மேலே வளைந்து, எந்நேரமும் எதையோ ஆட்சேபிப்பது போல நிற்கும். இளையவர் கத்தியால் அதன் ஓரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"புது போர்டு மாட்டியிருக்கீங்க போல, சகலை?"

"ஆமா. எப்படி இருக்கு?"

"'அழகு கலை நிலையம்'னு எழுதியிருக்கு. நடுவுல ஒரு க் வேணும். அழகுக் கலை. இல்லைன்னா அழகு ஒரு பக்கம் நிக்குது, கலை ஒரு பக்கம் நிக்குது, ரெண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பொருத்தமாத்தான் இருக்கு, விடுங்க."

சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தக் குலுக்கலில் கத்தி நழுவி, வலது முனையில் ஒரு நகக்கண் அளவு மீசை போய்விட்டது. அத்தோடு நின்றிருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். ஆனால் பெஞ்சில் சிரிப்பு அடங்கவில்லை. இளையவருக்குக் காது சூடேறியது. கண் மூடித் திறப்பதற்குள் வலது பக்கம் முழுவதும் சுத்தமாகிவிட்டது.

கண்ணாடியைப் பார்த்த மூத்தவர் மொட்டையாகிப்போன வலது பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து, சாலையைக் கடந்து, நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே போலீஸ்காரர் எழுதிக் கொடுத்த புகாரில் இருந்த பிழைகளைத் திருத்தி, எழுதியவரையே மறுபடி எழுதவும் வைத்தார். எழுதியவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்துவிட்டு, "மீசைதான் சார் ஆதாரம். கேஸ் முடியற வரைக்கும் அப்படியே வச்சிருங்க" என்றார். அக்கறையில் சொன்னாரா, ஆத்திரத்தில் சொன்னாரா தெரியாது. மூத்தவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

வேண்டுமென்றே காயம் ஏற்படுத்தியதாக இளையவர்மேல் வழக்குப் பதிவானது. சின்ன வழக்குத்தான். ஆனால் தண்டனை என்று ஒன்று விழுந்தால் கடையின் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று யாரோ சொன்னதும் அவர் பட்டப்பகலில் கடையைச் சாத்தினார். மனைவியோடு வக்கீல் தேடிப் புறப்பட்டார்.

முதல் வக்கீல் ஊரில் பெரிய ஆள். குளுகுளு அறை, சுவர் முழுக்கத் தடித்தடியாகப் புத்தகங்கள். கதையைச் சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் மீசை என்ற வார்த்தை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் மீசை இருந்தது. மை போட்டு வளர்த்த மீசை.

"மீசையையா எடுத்தீங்க? ஒரு மனுஷனோட மீசையையா?" என்றார், தன் மீசையைக் கையால் மறைத்துக்கொண்டு. "எனக்கே மனசு பதறுதுங்க. நான் எப்படி உங்களுக்காக வாதாடுவேன்?"

இரண்டாவது வக்கீல், இளையவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே, "குத்தத்தை ஒத்துக்கோங்க, அபராதம் கட்டுங்க, போய்க்கிட்டே இருங்க" என்றார்.

"உரிமம் போயிடுமே சார்?"

"அதுக்கு வேற கேஸ் போடலாம். அதையும் நானே பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள், "இந்த ஆளை வச்சா ஒரு கேஸ் குட்டி போட்டு நாலாயிடும். நடங்க."

அன்று சாயங்காலம் அக்கா போனில் தங்கையைக் கூப்பிட்டாள். சகலைகள் முகம் பார்க்காமல் இருந்தார்களே தவிர, அக்காவும் தங்கையும் ஒருநாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை.

"ஒரு வக்கீலம்மா இருக்காங்கடி. டயர் கடை மாடியில ஆபீஸ். எங்க பக்கத்து வீட்டுக்காரர் கேஸை அவங்கதான் முடிச்சாங்க. போய்ப் பாருங்க."

"என்னக்கா, மாமா கேஸ் தோக்கறதுக்கு நீயே வக்கீல் பிடிச்சுத் தர்றே?"

"யார் தோத்தா எனக்கென்ன? காலையில கண்ணு முழிச்சா, இந்தப் பக்கம் என் புருஷன் படுத்திருக்கார், அந்தப் பக்கம் யாரோ படுத்திருக்காங்க. ஒண்ணு முழுசா வரணும், இல்லை முழுசாப் போகணும். சீக்கிரம் முடிக்கச் சொல்லு."

வக்கீலம்மாவின் அறையில் ஒரு மேசையும் நான்கு நாற்காலிகளும்தான். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் விட்டுவிட்டு வந்தது. இளையவர் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"மேடம், மொதல்ல கொஞ்சம் கை தவறிடுச்சு. அது நிஜம். ஆனா மீதி இருக்கே, அது..."

"நிறுத்துங்க." அவர் கையை உயர்த்தினார். "இதை இதுவரைக்கும் யார் யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

இளையவர் யோசித்தார். மனைவிதான் பதில் சொன்னாள்: "முடி வெட்ட வந்தவங்க எல்லார்கிட்டயும், மேடம்."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். "நான் கோர்ட்டுல பொய் சொல்ல மாட்டேன். உங்களையும் சொல்லச் சொல்ல மாட்டேன். வேணும்னே செஞ்சீங்கன்னு அவங்கதான் நிரூபிக்கணும். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வாயைத் திறக்காம இருக்கணும். முடியுமா?"

"அதெல்லாம் பிரமாதமா இருந்துடுவேன் மேடம். எங்க சித்தப்பா ஒருத்தர் இருந்தார், அவர்கூட ஒரு தடவை..."

"நீங்க கூடவே இருங்கம்மா" என்றார் வக்கீலம்மா, மனைவியிடம்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் நடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இளையவர் ஒரு சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு முடி வெட்டினார். ஓவியரை வரவழைத்து போர்டில் அந்த க்கை நெருக்கிப் புகுத்தியபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை. வாடிக்கையாளர்கள் அவருக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று வெந்நீர் குடிக்கச் சொன்னார்கள். ஒருநாள் புகார் எழுதிய அதே போலீஸ்காரர் தலையைக் கொடுத்து உட்கார்ந்து, "அன்னைக்கு என்னதாங்க நடந்துச்சு?" என்று சாதாரணமாகக் கேட்டார். பின்கட்டிலிருந்து மனைவி ஓடி வருவதற்குள் சீப்பின் இரண்டு பல் முறிந்துவிட்டது.

வாய்தா மேல் வாய்தா போய், கடைசியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. மூத்தவர் பாதி மீசையோடு கூண்டில் ஏறியதும் நீதிபதி எதையோ தேடுவது போல மேசைக்கடியில் குனிந்தார். நிமிர்வதற்குச் சற்று நேரம் பிடித்தது.

வக்கீலம்மா எழுந்தார். "சம்பவத்தன்னைக்கு இருந்த அதே நிலைமையிலதான் இப்பவும் மீசை இருக்குதுங்களா?"

"அதே நிலைமைதான். ஒரு மாற்றமும் இல்லை."

"இவ்வளவு மாசமா வலது பக்கம் முளைக்கவே இல்லையா?"

மூத்தவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "முளைக்காம என்ன? ரெண்டே நாள்ல முளைச்சிடும். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான்."

"அப்புறம் அது எங்க போகுது?"

"தினமும் காலையில மழிச்சிடுவேன்."

"யாரு?"

"நான்தான்."

"அப்போ இவர் எடுத்தது ஒரே ஒரு நாள். மீதி நாளெல்லாம் எடுத்தது நீங்க."

மூத்தவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு நாற்காலியில இருந்தப்போ சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"உடம்பு குலுங்கிச்சா?"

"குலுங்கத்தான் செஞ்சது."

அரசு வக்கீல் குறுக்கே வந்து, "வேணும்னேதானே எடுத்தார்? பாத்ததைச் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தார்.

"கண்ணை மூடியிருந்தேன்" என்றார் மூத்தவர். "பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல மாட்டேன். அது பிழை."

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது சமரசமாப் போகக்கூடிய வழக்குதான். ரெண்டு பேரும் சொந்தக்காரங்க வேற. பேசித் தீத்துக்கலாமே?"

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்துவிட்டாள். "ஐயா, எதுவா இருந்தாலும் மொதல்ல அந்த மீதியை எடுக்கச் சொல்லுங்க ஐயா!"

கோர்ட்டே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மூத்தவர் மெல்லிய குரலில், "மன்னிப்புக் கேட்டா போதும்" என்றார்.

நீதிபதி இளையவரைப் பார்த்து, "நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார். வக்கீலம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஆனால் மாதக்கணக்கில் தேக்கி வைத்த அணை அது.

"மன்னிச்சிடுங்க சகலை. மொதல்ல கை தவறினது நிஜம். ஆனா மீதி, கோபத்துல எடுத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குத் தாங்கலை. அன்னையிலேருந்து யாரோட மீசையையும் தொடறதே இல்லை. யார்கிட்டயாவது சொல்லலாம்னா சொல்லவும் விடலை..."

வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூத்தவர் கூண்டிலிருந்தே சகலையைப் பார்த்தார்.

"கோபத்துலதான் எடுத்தீங்கன்னு எனக்கும் தெரியும். பாக்கலைன்னுதான் சொன்னேன். தெரியலைன்னு சொல்லலையே." பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பினார். "நானும் அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் சிரிச்சேன், ஐயா. வழக்கை வாபஸ் வாங்கிக்கறேன்."

வெளியே வந்தபோது அக்காவும் தங்கையும் ஒரே வண்டியில் ஏறிப் போயிருந்தார்கள். வக்கீலம்மா போகிற போக்கில், "இனிமே பேசிக்கலாம். அதுக்கு என் அனுமதி தேவையில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு ஓடினார்.

கோர்ட் வாசலுக்கு எதிரிலேயே ஒரு சலூன் இருந்தது. மூத்தவர் அதற்குள் நுழைந்தார். இளையவருக்கு மனசுக்குள் சுருக்கென்றது. இருந்தாலும் கூடவே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைக்காரர் மீதிப் பாதியில் கத்தி வைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நுரை பத்தாது. இன்னும் கொஞ்சம் போடுங்க. கீழேருந்து போகாதீங்க, அவருக்கு எரியும். கத்தியைச் சாய்ச்சுப் பிடிங்க, அப்படி இல்லை..."

கடைக்காரர் திரும்பினார். "ஏங்க, யாருங்க நீங்க?"

"எங்க சகலை" என்றார் மூத்தவர், நுரைக்குள்ளிருந்து. "அவர் சொல்ற மாதிரியே செய்யுங்க."

வேலை முடிந்து எழுந்தவரைக் கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ போல இருந்தது. வெறும் உதட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

இளையவருக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. அத்தனையையும் விழுங்கினார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கு" என்றார்.

இருவரும் வெயிலில் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள்.