வெறுங்கால் படம்

இந்திராணி அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியபோது ஷைஜா பத்தாம் வகுப்புக் கணக்குத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் இந்திராணி. படத்தில் அவளுடைய ஒன்பது வயது மகள் தர்ஷினி சேற்றில் வெறுங்காலோடு நின்றாள். கீழே எழுதியிருந்தது: ‘செருப்பையே கண்டிராத கால்கள். இந்தப் பிள்ளைகளைத் தாங்குங்கள்.’

பின்னாலேயே அவளுடைய குரல்செய்தி வந்தது. “டீச்சர், எம்புள்ளைக்கு சப்பாத்து இல்லைன்னு யாரு சொன்னா? சித்திரை வருசத்துக்கு வாங்குனது. அதைப் போட்டுத்தானே உங்க முகாமுக்கு அனுப்புனேன். இந்தப் படம் எங்க தோட்டம் முழுக்கச் சுத்துது.”

ஷைஜா சிவப்புப் பேனாவை மூடினாள்.

இந்திராணியின் தோட்டத்தில் நடந்த அந்தச் சிறுவர் முகாமுக்குக் குலசேகரம் கிறிஸ்தவச் சபையிலிருந்து ஏழு பேர் போயிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில், ஐந்து நாள். ஷைஜா பாட்டும் கைவேலையும் சொல்லிக்கொடுத்தாள். தலைவர் ஜாஸ்பர், வங்கியில் வேலை. மூன்றாம் நாள் மழை விட்டதும், “பிள்ளையளுக்க ஷூவ கழத்தி வாங்கு மக்கா, சேறாயிரும்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. நாற்பது ஜோடிகளையும் அவளே வாங்கி வராந்தாவில் அடுக்கினாள். பிறகு அவர் பிள்ளைகளைச் சேற்றில் நிறுத்திப் படம் எடுத்தார். சிரித்தவர்களைச் சிரிக்க வேண்டாம் என்றார். அப்போது அவளுக்கு ஏதோ உறுத்தியது. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டாள்.

ஜாஸ்பருக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, அந்தப் படத்த எடுங்க. அந்தப் பிள்ளைக்கு ஷூ உண்டு.”

“இந்தப் பிள்ளையளுக்கு இருந்தா எல்லாத் தோட்டத்திலயும் இருக்குமா? படத்தப் பாத்தா நாலு பேருக்கு மனசு இளகண்டாமா? ஊழியம்னா அப்படித்தான் மக்கா.”

“பொய் சொல்லியா இளக வைக்கணும்?”

“நாளைக்கு ஆராதனைக்கு வா. அங்க வச்சு பேசலாம்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் சபை மண்டபத்தில், முகாமுக்குப் போனவர்கள் அனுபவம் சொல்லும் சாட்சிக் கூட்டம். ஷைஜாவுக்குப் பக்கத்தில் அவள் அம்மா லீலாபாய் இருந்தாள். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவள். தோட்டத்து வரிசை வீட்டில்தான் ஷைஜா வளர்ந்தாள். ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகிற நாளில் அவள் காலை அம்மா தேங்காய்நார் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். எவர் கண்ணிலும் தன் பிள்ளை பரிதாபமாகப் பட்டுவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு வைராக்கியம்.

திரையில் தர்ஷினி வந்தாள். “இந்தக் குழந்தை என் காலைப் பிடிச்சு அழுதது” என்றார் ஜாஸ்பர். அவர் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

ஷைஜா எழுந்தாள்.

“அவ அழல்ல. அவளுக்க ஷூவ கழத்தினது நான். அண்ணன் சொல்லி நாந்தான் கழத்தினேன். பெறவு சேத்துல நிறுத்தி இந்தப் படம் எடுத்தாச்சு. அவளுக்க அம்மா நேத்து எனக்கு வாய்ஸ் அனுப்பினா.”

போதகர் கையை உயர்த்தினார். “ஷைஜா, இதத் தனியா பேசலாம்.”

“தனியா பேசியாச்சு, ஐயா. பொய் எல்லார் முன்னாலயும்தானே சொல்லியாரு.”

“உன்னைக் கூட்டிட்டுப் போனதே இந்தச் சபைதான்” என்றார் ஜாஸ்பர். “அதை மறக்கண்டாம்.”

“அதனாலதான் சொல்லுகேன்.”

ஒருவரும் அவள் பக்கம் பேசவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி, “கோயில்ல வச்சு இதென்ன அகங்காரம்” என்றாள். லீலாபாய் திரும்பி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தலை குனியும்வரை.

அன்று மாலை ஜாஸ்பர் தன் முகநூல் பக்கத்திலிருந்து படத்தை எடுத்தார். காரணம் எழுதவில்லை. அதற்குள் அது எத்தனையோ குழுக்களுக்குப் போய்விட்டிருந்தது. ஷைஜா பாடம் எடுத்துவந்த ஞாயிறு பள்ளியை இனி வேறு ஆள் பார்த்துக்கொள்வார் என்று சபைச் செயலாளர் அவளுக்கு இரண்டு வரி அனுப்பினார்.

அவள் இந்திராணியை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள், தன் பங்கையும் சேர்த்து.

“பள்ளிக்கூடத்துல அவள வெறுங்காலின்னு கூப்புடுறாங்களாம். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் போகல” என்றாள் இந்திராணி.

“அவகிட்ட கொஞ்சம் குடுங்க.”

அந்தப் பக்கம் ஏதோ தாழ்ந்த பேச்சு. பிறகு இந்திராணியே வந்தாள். “வர மாட்டேங்குறா, டீச்சர். வைங்க.”

ஷைஜா அழவில்லை. அழுதால் இந்தக் கோபம் கரைந்துவிடும் என்று பயந்தாள். தாளை எடுத்துப் போதகருக்குக் கடிதம் எழுதினாள். ஜாஸ்பர் அதே மண்டபத்தில், அதே ஆட்கள் முன்னால் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். அதைப் படம் பிடித்து அந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். தான் செய்ததையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேரே போதகர் வீட்டுக்குப் போனாள். அவள் நீட்டிய கடித உறையை அவர் திருப்பிப் பார்த்தார்.

“வச்சிட்டுப் போ மக்களே. கமிட்டியில எடுக்கலாம்.”

“இப்ப வாசிங்க, ஐயா. நான் இருக்கேன்.”

வரவேற்பறை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்தார்.